கவசத்தைக் கழற்றுவது வீரமாகுமா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்களை அடியொற்றி வாழ்ந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக!

முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் இறையச்சத்தை உபதேசித்தவனாக இன்றைய உரையைத் தொடங்குகின்றேன்.

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் வழங்கிய அருட்கொடைகளில் ஒன்று இரும்பை அவர்களுக்கு மென்மையாக்கிக் கொடுத்தது. அந்த இரும்பைக் கொண்டு போர்க்கவசம் செய்யும் கலையை அவனே அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தான். திருக்குர்ஆனின் 21ஆம் அத்தியாயம் 80ஆம் வசனம் இதை எடுத்துரைக்கிறது. மனிதர்களைத் தாக்குதலிலிருந்து காப்பதற்காகவே இக்கலை கற்பிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு, இதற்கு நீங்கள் நன்றி செலுத்துகிறீர்களா என்னும் கேள்வியோடு அவ்வசனம் முடிகிறது. 34ஆம் அத்தியாயத்திலோ, அக்கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் கோக்க வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள்! உடலைக் காக்கும் ஒரு தொழில்நுட்பத்தை அல்லாஹ் தன் அருட்கொடை என்கிறான். அதன் அளவு பிசகக் கூடாது என்கிறான். அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிறான். ஆக, உயிர்காக்கும் சாதனம் எதுவாயினும் அது ஒரு நிஃமத். அதைப் பேணுவது ஷுக்ர். அதை வேண்டுமென்றே கழற்றி எறிவது நன்றிகெட்ட செயல். இந்த அடிப்படையை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் வாலிபர்களிடையே பரவிவரும் ஒரு விபரீதத்தைப் பார்ப்போம்.

இன்றைய கவசம்

கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஏ.பி.எஸ். என்றொரு சாதனம் இருக்கிறது. திடீரென்று முழு பலத்துடன் பிரேக் போட்டால் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். வண்டியோ நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். இதைத் தடுப்பதற்கானது இச்சாதனம். சக்கரத்தின் வேகத்தை ஓர் உணர்கருவி இடைவிடாமல் கண்காணிக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தவுடன் பிரேக்கின் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தி, உடனே மீண்டும் கூட்டுகிறது. ஒரு வினாடிக்குள் பலமுறை இது நடக்கிறது. மனிதக் காலால் இவ்வளவு விரைவாகவும், சக்கரத்திற்குச் சக்கரம் வேறுபடுத்தியும் இதைச் செய்ய இயலாது.

1978ஆம் ஆண்டு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு ஏ.பி.எஸ்., மெர்சிடிஸ் பென்ஸ் காரில் விற்பனைக்கு வந்தது. 1988இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அதை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டு வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கும், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கும் அது கட்டாயமாயிற்று. ஒரு காலத்தில் செல்வந்தர்களின் வாகனத்தில் மட்டும் இருந்த கவசம், இன்று நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையின் பைக்கிலும் இருக்கிறது. அல்ஹம்து லில்லாஹ்!

ஆனால் நடப்பது என்ன? ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் சில இளைஞர்களும், வேகமான பைக் வைத்திருக்கும் பலரும் இச்சாதனத்தின் ஃபியூஸைப் பிடுங்கி விடுகிறார்கள். அல்லது சக்கரத்தருகே உள்ள உணர்கருவியின் இணைப்பைக் கழற்றி விடுகிறார்கள். காரைப் பக்கவாட்டில் வழுக்க விட வேண்டும். பைக்கின் பின்சக்கரத்தைத் தூக்கி முன்சக்கரத்தில் நிற்க வேண்டும். டயர் தேயும் சத்தத்தைக் கேட்டுத் தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்காகவே தங்கள் கவசத்தைத் தாங்களே கழற்றுகிறார்கள். கழற்றிய அதே வண்டியில் மறுநாள் தங்கையைக் கல்லூரியில் விடுகிறார்கள். தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள். பின்னால் அமர்ந்திருக்கும் அந்தத் தாய்க்கு எதுவும் தெரியாது.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

இவ்வாலிபர்களிடம் கேட்டால் சில காரணங்களைச் சொல்வார்கள். அவற்றைக் கேளாமலே தள்ளிவிடுவது நியாயமல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று: "உலகப் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே இது இல்லையே" என்பார்கள். உண்மைதான். 1987இல் வெளிவந்த ஃபெராரி எஃப் 40 காரிலும், 1990களில் வந்த மெக்லாரன் எஃப் 1 காரிலும் ஏ.பி.எஸ். கிடையாது. ஆனால் அவை தொடக்கம் முதலே அச்சாதனம் இல்லாமல் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டவை. இன்றைய கார் அப்படியல்ல. முன்சக்கரங்களுக்கு எவ்வளவு, பின்சக்கரங்களுக்கு எவ்வளவு என்று பிரேக் விசையைப் பங்கிடும் வேலையையும் பல கார்களில் அதே மின்னணு அமைப்புதான் செய்கிறது. கார் சறுக்கிச் சுழலாமல் காக்கும் அமைப்பும் அதனோடு பிணைந்தது. ஃபியூஸைப் பிடுங்கினால் மூன்றும் ஒருசேர அணைந்து போகலாம். அப்போது பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்ளும். கார் பம்பரம்போல் சுழலும். ஆக, ஏ.பி.எஸ். பிடுங்கப்பட்ட புதிய கார் பழைய காராக மாறிவிடுவதில்லை. பழையதைவிட ஆபத்தான ஒன்றாகவே மாறுகிறது.

இரண்டு: "ஃபார்முலா ஒன் பந்தய வீரர்கள் இதைப் பயன்படுத்துவதில்லையே" என்பார்கள். இதுவும் உண்மை. 1994ஆம் ஆண்டுப் பந்தயங்களிலிருந்து அங்கே இது தடை செய்யப்பட்டது. ஏன்? அது ஓட்டுநரின் திறமையைச் சோதிக்கும் களம். கருவி துணை நிற்கக் கூடாது என்பதற்காக. அங்கே எதிரே லாரி வராது. சிறுவன் பந்தை விரட்டிக்கொண்டு ஓடி வரமாட்டான். தடம் மாறினால் ஓடி நிற்க வெட்டவெளி உண்டு. தடுப்புச் சுவர் உண்டு. மருத்துவக் குழு காத்திருக்கும். இவ்வளவு இருந்தும், உலகின் தலைசிறந்த அந்த ஓட்டுநர்களே சக்கரத்தைப் பூட்டவிட்டுத் தடுமாறுவதை அப்பந்தயங்களில் காணலாம். அவர்களுக்கே தவறுகிறதென்றால், பள்ளிக்கூடத்தெருவில் ஓட்டும் நம் பிள்ளையின் நிலை என்ன?

மூன்று: "ஜல்லியும் மண்ணும் கிடக்கும் பாதையில் ஏ.பி.எஸ். இருந்தால் வண்டி நிற்கத் தாமதமாகிறது" என்பார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. தளர்ந்த ஜல்லியில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னே கற்களைக் குவித்துக்கொண்டு விரைவில் நின்றுவிடும். அதனால்தான் கரடுமுரடான பாதைக்கென வரும் சில பைக்குகளில் அதை நிறுத்திவைக்கும் வசதியைத் தயாரிப்பாளரே தருகிறார். ஆனால் நீங்கள் ஓட்டுவது தார்ச்சாலையில். மழைக்காலத்தில் நனைந்த சாலையில். அங்கே பூட்டிய சக்கரம் வழுக்கத்தான் செய்யும். இன்னொன்றையும் கவனியுங்கள். பூட்டிய முன்சக்கரத்தைத் திருப்பினால் கார் திரும்பாது. நேரே போய் மோதும். பைக்கில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் கண் இமைக்கும் நேரத்தில் வண்டி சாய்ந்துவிடும். ஏ.பி.எஸ். தரும் மிகப் பெரிய நன்மை தூரத்தைக் குறைப்பதன்று. பிரேக் பிடித்தபடியே விலகிச் செல்லும் வாய்ப்பைத் தருவதுதான்.

ஒரு சிறு கணக்கு

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரே வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். அதன் பிறகு முழு பிரேக் போட்டு 50 மீட்டரில் ஒரு கார் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் வந்த மற்றொரு காரின் சக்கரங்கள் பூட்டி வழுக்குவதால் பிடிமானம் கால்பங்கு குறைகிறது என்று கொள்வோம். அது நிற்க ஏறத்தாழ 67 மீட்டர் ஆகும்.

17 மீட்டர்தானே அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் கார் நின்றுவிட்ட அந்த 50ஆவது மீட்டரில், இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் சாலையைக் கடக்கும் ஒரு முதியவர் இருந்தால், முதல் கார் அவர்முன் நின்றிருக்கும்; அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். இரண்டாவது கார் அவரை ஜனாஸாவாக்கியிருக்கும். பிடுங்கப்பட்ட ஒரு சிறு ஃபியூஸின் விலை அது.

வேகத்திற்கும் இடம் உண்டு

இஸ்லாம் வேகத்தை வெறுக்கும் மார்க்கமா? இல்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் காண்கிறோம். பந்தயத்திற்கெனப் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை வேறு ஓட்டம். இதில் எவ்வளவு படிப்பினை இருக்கிறது! ஓட்டத்திற்குத் தொடக்கமும் முடிவும் வகுக்கப்பட்ட இடம் இருந்தது. குதிரையின் தகுதிக்கேற்பத் தூரம் பிரிக்கப்பட்டது. மதீனாவின் கடைவீதியில் யாரும் குதிரையை விரட்டி வீரம் காட்டவில்லை.

அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஆரவாரத்தைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தம் சாட்டையால் சைகை செய்து மக்களை நிதானமாக வரச் சொன்னார்கள். விரைந்தோடுவதில் நன்மை இல்லை என்பதை உணர்த்தினார்கள். அதே பயணத்தில், நெரிசலில் மிதமாகச் சென்ற அவர்கள், திறந்த வெளி கிடைத்தபோது ஒட்டகத்தை விரைவாகச் செலுத்தினார்கள் என்று உஸாமா (ரலி) அறிவிக்கிறார்கள். கூட்டத்தில் நிதானம், வெட்டவெளியில் வேகம். சாலை ஒழுக்கம் முழுவதும் இவ்விரு அறிவிப்புகளுக்குள் அடங்கிவிடுகிறது.

உங்களுக்கு வேகத்தில் ஆசை இருக்கிறதா? காரை வழுக்க விட்டுப் பழக வேண்டுமா? அதற்கென ஓட்டத்தளங்கள் இருக்கின்றன. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்திலும் இருக்கிறது. அங்கே போய், தலைக்கவசமும் உரிய உடையும் அணிந்து, பயிற்சியாளரின் கண்காணிப்பில் பழகுங்கள். பொதுச்சாலை பந்தயத்தளம் அல்ல.

கண்ணாடிப் பாத்திரங்கள்

ஒரு பயணத்தில் அன்ஜஷா என்பவர் பாடிக்கொண்டே ஒட்டகங்களை ஓட்டினார். பாட்டைக் கேட்டு ஒட்டகங்கள் வேகம் பிடித்தன. அவற்றின் மீது பெண்கள் அமர்ந்திருந்தனர். நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்வதுபோல் மெதுவாக ஓட்டும்படி அறிவுறுத்தினார்கள். ஓட்டுகிறவனின் உற்சாகத்தைவிட, ஏறி அமர்ந்திருப்பவரின் பாதுகாப்பே பெரிது என்பதை இதைவிட அழகாக எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் வண்டியில் அமர்ந்திருக்கும் தாயும் மனைவியும் மக்களும் கண்ணாடிப் பாத்திரங்கள். உடைந்தால் ஒட்டாது.

வண்டிக்கு வெளியே இருப்பவர்களின் உரிமை என்ன? அம்புகளை ஏந்திக்கொண்டு பள்ளிவாசலுக்குள் ஒருவர் வந்தபோது, அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள். அவர் யாரையும் குத்தவில்லை. குத்த எண்ணவும் இல்லை. ஆயினும் தவறிப்போய் யார்மீதும் கீறல் விழக் கூடாது என்பதே நோக்கம். ஏ.பி.எஸ். என்பது நம் காலத்து அம்பு முனையைப் பற்றியிருக்கும் கை. ஓர் அம்பின் முனைக்கே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பை மக்கள் நடமாட்டத்தில் ஓட்டுகிறவர் அக்கையை எடுத்துவிடலாமா? பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை என்றிருக்க, பாதைக்கே நாம் முள்ளாகிவிடலாமா?

விதி என்று சொல்லித் தப்ப முடியுமா?

"மவ்த் எழுதப்பட்ட நேரத்தில்தான் வரும், ஃபியூஸ் இருந்தாலென்ன, போனாலென்ன" என்று பேசுவோர் உண்டு. கத்ரை நம்புவது ஈமான். கத்ரைச் சாக்காக்குவது ஈமான் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி கற்பித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். தவக்குலில் அவர்களுக்கு நிகர் யார்? அவர்களே உஹதுக் களத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் பாதிவழியில் திரும்பியபோது, விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்பது உமர் (ரலி) அவர்கள் அளித்த விளக்கத்தின் சாரம்.

தம் கைகளாலேயே தம்மை அழிவில் போட்டுக்கொள்வதை 2ஆம் அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கிறது. பாதுகாப்புச் சாதனத்தைத் தன் கையாலேயே பிடுங்கி, பிறகு விபத்தில் சிக்குகிறவனுக்கு இவ்வசனம் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

தவறுதலாக ஓர் உயிரைப் பறித்துவிட்டால், 'வேண்டுமென்று செய்யவில்லை' என்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. 4ஆம் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் இறந்தவரின் குடும்பத்தார்க்கு நஷ்டஈட்டையும், அதனுடன் பரிகாரத்தையும் விதிக்கிறது. குடும்பத்தார் மன்னித்தால் நஷ்டஈடு நீங்கும். பரிகாரமாக அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர், இடைவிடாமல் இரண்டு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும். ஒரு கணநேரக் கைதட்டலுக்காக இவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்க எந்த அறிவாளி முன்வருவார்?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 17,884 பேர் தமிழகச் சாலைகளில் மாண்டவர்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் இத்தா இருக்கும் மனைவி, ஓர் எத்தீம் பிள்ளை, பெற்ற மகனைத் தோளில் சுமந்து கபருக்குக் கொண்டு சென்ற ஒரு தந்தை.

பெற்றோரின் கடமை, பணிமனையாரின் அமானத்

பெற்றோர்களே! நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். உங்கள் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள். கேட்ட பைக்கை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம், உரிமம் பெறும் வயதை எட்டாத பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. தயாரிப்பாளர் அமைத்ததற்கு மாறாக வாகனத்தை மாற்றுவதையும் அச்சட்டம் தண்டிக்கிறது. ஆனால் நான் உங்களை அச்சுறுத்துவது அந்த அபராதத்தைக் கொண்டல்ல. மறுமையின் விசாரணையைக் கொண்டு.

இன்று தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மகனின் வண்டியில் சாவியைத் திருப்புங்கள். ஏ.பி.எஸ். என்னும் மஞ்சள் விளக்கு எரியும். காரில் சில வினாடிகளில் அணைந்துவிடும். பைக்கில் வண்டி சற்று நகர்ந்ததும் அணையும். அணையாமலே இருந்தால் அச்சாதனம் வேலை செய்யவில்லை என்று பொருள். முதலிலிருந்தே எரியவில்லையென்றாலும் சந்தேகப்படுங்கள். விளக்கையும் சேர்த்துக் கழற்றியிருக்கலாம். மகனைத் திட்டாதீர்கள். அருகில் அமர்த்தி அன்போடு கேளுங்கள். பழுதானால் பணிமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

காரில் அவசர பிரேக் போடும்போது மிதி காலுக்கடியில் அதிர்ந்தால் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோர்க்கும் சொல்லிக்கொடுங்கள். அந்த அதிர்வு பழுதல்ல. அச்சாதனம் வேலை செய்கிறது என்பதன் அடையாளம். காலை அழுத்தியபடியே வைத்து, பாதுகாப்பான பக்கம் திருப்பிச் செல்ல வேண்டும்.

வாகனப் பணிமனை நடத்தும் சகோதரர்களே! உங்களிடம் ஒப்படைக்கப்படும் வண்டி அமானத். அதில் ஏறப்போகும் உயிர்களும் அமானத். மருத்துவம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவன் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்க்காக ஓர் இளைஞனின் பிரேக் அமைப்பைக் கழற்றித் தருகிறவரும் அந்த எச்சரிக்கையைத் தமக்கானதாக எடுத்துக்கொள்ள வேண்டும். "கேட்டான், செய்து கொடுத்தேன்" என்னும் பதில் அல்லாஹ்வின் சந்நிதியில் செல்லுமா?

வாலிபத் தம்பிகளே! அர்ரஹ்மானின் அடியார்கள் பூமியில் பணிவோடு நடப்பார்கள் என்று 25ஆம் அத்தியாயம் அவர்களின் முதல் அடையாளத்தைச் சொல்கிறது. நடைக்கே பணிவு வேண்டுமென்றால், ஓட்டத்திற்கு எவ்வளவு வேண்டும்! தெரு திரும்பிப் பார்ப்பதில் பெருமை இல்லை. உங்களை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் தாய், உங்கள் வண்டிச் சத்தம் கேட்டு நிம்மதியோடு உள்ளே போகிறாளே, அதில்தான் பெருமை இருக்கிறது. கழற்றிய கவசத்தை இன்றே மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கையிலுள்ள உயிர் உங்களுடையது மட்டுமல்ல.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு நற்புத்தியையும் நிதானத்தையும் தருவாயாக! நீ வழங்கிய பாதுகாப்புகளைப் பேணி நன்றி செலுத்துவோராக எங்களை ஆக்குவாயாக! எங்கள் கைகளால் எவருடைய உயிருக்கும் உடலுக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! சாலை விபத்துகளில் உயிர் நீத்தோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதலை அருள்வாயாக! பயணம் செல்வோர் அனைவரையும் நலமாக வீடு சேர்ப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.